பூசணம் பிடிக்காத சிலிக்கான்

தைவானில் எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் யார் வீட்டிலாவது குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் முதலில் தானே ஒரு கை பார்ப்பார். ஒழுகுவது பீய்ச்சி அடிக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரி சுய்லியேனுக்கு போன் போடுவாள். சுய்லியேன் பைப் ரெஞ்சும் பையுமாக மலைச்சரிவுப் படிகளில் ஏறி வந்து, வந்த வேகத்தில் முதலில் திட்டுவாள், அப்புறம்தான் பையைத் திறப்பாள். "இதை எவன் தொட்டான்? டேப்பை இப்படியா சுத்துவாங்க? மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கு!" வீட்டுக்காரர் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை வைத்த இடம் மறுபடி ஒழுகியதாகச் சரித்திரமே கிடையாது.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு கோபத்தில்தான். கல்யாணமான புதிதில் சமையலறைக் குழாய் உடைந்தது. புருஷன் அகுன் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவன், பாதி நாள் கடலில். குழாய்க்காரன் 'நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்' என்றே ஒரு வாரத்தை ஓட்டினான். சுய்லியேன் கடைக்குப் போய் ஒரு ரெஞ்சை வாங்கி வந்து தானே மாற்றினாள். கரைக்கு வந்த அகுன் அவள் செய்த வேலையைத் தடவிப் பார்த்தான், வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த நாளே நல்ல ரெஞ்சு ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தான். அவள் அண்டை வீட்டுக்குப் போனாள், அப்புறம் அடுத்த சந்துக்கு, அப்புறம் பாதி ஊருக்கு.

எங்கள் ஊரில் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே மழை நிற்காது. அலமாரியில் வைத்த செருப்பு, சுவரில் மாட்டிய காலண்டர், கல்யாணப் படம், எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும். அதனால் சுய்லியேன் பையில் எது இல்லாவிட்டாலும் பூசணம் பிடிக்காத வெள்ளை சிலிக்கான் பசை டியூப் ஒன்று இருக்கும். குளியலறை, சமையல் மேடை, ஜன்னல், எங்கே இடுக்கு இருந்தாலும் அதுதான். சாதா சிலிக்கான் வைக்கிறவனை அவள் ஆளாகவே மதிக்க மாட்டாள்.

போன வருஷக் கடைசியில் அகுனுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தான். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது, 'மழை'. பசித்தாலும் மழை, கால் வலித்தாலும் மழை, டிவியை மாற்று என்றாலும் மழை. பார்க்க வருகிறவர்கள் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம் அகுன், நல்ல மழைதான்" என்பார்கள். அவன் இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வான். கடவுளே, ஒரு மனுஷனுக்கு மிச்சம் வைக்க வேறு வார்த்தையா கிடைக்கவில்லை!

அவனுக்கு மீதமிருந்த இன்னொன்று மீன்தொட்டி. அகுனுக்கு வாலிபத்திலிருந்தே டிஸ்கஸ் மீன் பைத்தியம். சாப்பாட்டுத் தட்டைப் போல வட்டமாக, நீலக் கோடு ஓடிய மீன்கள். தண்ணீர் துளி மாறினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஜாதி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவனுடைய சக்கர நாற்காலியைத் தொட்டி முன்னால் நிறுத்தியதும் அத்தனை மீன்களும் கண்ணாடி ஓரம் வந்து கூடிவிட்டன. அவன் முகத்தில் பழைய அகுன் வந்துவிட்டுப் போனதை சுய்லியேன் கண்ணால் பார்த்தாள்.

அதைத்தான் நாத்தனார் மெய்யூனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மெய்யூன் அகுனின் தங்கை, தைபேயில் இருக்கிறாள், வாராவாரம் ரயிலேறி வருவாள். கெட்டவள் இல்லை. அண்ணி இளைத்துப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் மலைக்கு மேலே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"அண்ணி, டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க? பேச்சு வெளிய வராதது மட்டுமில்ல, நாம பேசுறது உள்ளயும் போகலியோன்னு சந்தேகம்னாரு. அண்ணன் இருக்கார், ஆனா இல்ல."

"மீனைப் பார்த்தா முகம் மாறுதுடி."

"கைக்குழந்தைகூட மீனைப் பார்த்தாச் சிரிக்கும். அதுக்காக எல்லாம் புரியுதுன்னு ஆயிடுமா?"

சுய்லியேனுக்குச் சுருக்கென்றது. அது ஏழாம் மாதம். ஆவிகள் ஊருக்குள் உலவுகிற மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், நோயாளியை இடம் மாற்றவும் மாட்டார்கள். அதுதான் அவளுக்குக் கிடைத்த தவணை.

"ஏழாம் மாசம் முடியட்டும்" என்றாள் மெய்யூன். "அதுக்குள்ள அண்ணனுக்குப் புரியுதுன்னு ஒரே ஒரு அடையாளம் காட்டுங்க. அந்த இடத்தை நானே வேணாம்னு சொல்லிடறேன். காட்ட முடியலன்னா, உங்க உடம்பையாவது பாருங்க அண்ணி."

இந்தப் பேச்செல்லாம் அகுனுக்கு முன்னால்தான் நடந்தது. அவன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் வடிகட்டி கெட்டுப் போனது. அகுன் தன் கையால் செய்து தொட்டி மேல் வைத்திருந்த பெட்டி அது, விரிசல் விட்டுவிட்டது. மீன் போனால் அகுனிடம் மீதமிருப்பதும் போய்விடும் என்று சுய்லியேனுக்குத் தெரியும். புதிதாக ஒன்று கட்டிவிடுவது என்று கிளம்பினாள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி. மேல்தொட்டியின் அடியில் ஒரு துளையிட்டுக் குழாயில் தண்ணீர் இறங்க வேண்டும், கீழே பஞ்சும் கல்லும் தாண்டி, பம்பில் ஏறித் திரும்ப வேண்டும். ஊர் முழுக்கக் குழாய் போட்டவளுக்கு இது என்ன பிரமாதம்!

ஆனாலும் அவள் அசட்டையாக இருக்கவில்லை. கோயில் தெருப் பக்கம் மீன்கடை வைத்திருக்கும் சியூவிடம் போய் நின்றாள். அகுனின் பழைய சிநேகிதன், வாய் ஓயாதவன்.

"பித்தளை வால்வு வேணாம்கா, செம்பு ஒரு துண்டுகூட வேணாம். வீட்டுக்கு அது ராஜா, மீனுக்கு எமன். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும். குடிதண்ணிக்குப் போடுற சாம்பல் கலர் பிவிசி குழாய் போடுங்க. கழிவுக்குப் போடுற ஆரஞ்சுக் குழாய் மிச்சம் கிடக்குன்னு அதைப் போட்டுறாதீங்க."

"என்னை என்ன கத்துக்குட்டின்னு நெனச்சியா?"

"கோவிச்சுக்காதீங்க. தோட்டத்து ஹோஸும் ஆகாது, மோந்து பாருங்க, ரப்பர் நாத்தம் அடிக்கும். சாப்பாட்டு வேலைக்குன்னு விக்கிற ஹோஸ் வாங்குங்க. சொல்யூஷன் போட்டு ஒட்டின இடத்தை நல்லாக் காயவிட்டு, தண்ணியை ஓட்டிக் கொட்டிட்டு, அப்புறம் மீனை விடுங்க."

எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். பையிலிருந்த அருமையான பித்தளை வால்வுகளை எடுத்து ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் வால்வு வாங்கினாள். கடை கடையாக ஹோஸை மோந்து பார்த்தாள், கடைக்காரர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். மீன்களை டப்பில் விட்டுவிட்டு, கண்ணாடிக் கடைக்காரனைக் கூப்பிட்டுத் துளை போடவைத்தாள். குழாயெல்லாம் மாட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது துளையின் ஓரத்தில் லேசாகக் கசிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா! தண்ணீரை இறைத்து, துடைத்து, பையில் கைவிட்டு டியூபை எடுத்து, பசை பிதுக்கும் துப்பாக்கியில் மாட்டி, துளையைச் சுற்றி உள்ளும் புறமும் வெள்ளையாக ஒரு கோடு இழுத்து, ஈர விரலால் வழித்துவிட்டாள். கை ஓடிய ஓட்டத்தில் கீழ்த்தொட்டியின் தடுப்புக் கண்ணாடிகளுக்கும் அதையே வைத்தாள். குழாய், வால்வு, ஹோஸ் எல்லாம் சியூவைக் கேட்டுக் கேட்டு வாங்கியவளுக்கு இதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. குழம்புக்கு உப்புப் போடலாமா என்று யாராவது போய்க் கேட்பார்களா?

"மழை" என்றான் அகுன்.

"ஆமா, ஜன்னலைச் சாத்திட்டேன்."

"மழை! மழை!" கஞ்சிக் கிண்ணத்தை இடது கையால் தூக்கி எறிந்தான். அது அலமாரிக் கதவில் பட்டுச் சிதறியது.

"ஏ கிழவா, உனக்காகத்தான் முட்டி தேயத் தேய மண்டி போட்டுக்கிட்டு இருக்கேன். கிண்ணத்தை என்மேலயே விட்டெறி, நல்லாயிருப்ப!" என்று கத்திவிட்டு அவள் கஞ்சியைத் துடைத்தாள். சிலிக்கான் காய்ந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மீன்கள் தொட்டிக்குத் திரும்பின.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மீன்களின் நிறம் கறுத்தது. எல்லாம் பின்மூலையில் போய் ஒண்டிக்கொண்டு செவுளை வேகவேகமாக அடித்தன. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் அரிசி கழுவிய கழுநீராகக் கலங்கியது. சுய்லியேன் தண்ணீரை மாற்றினாள், ஹீட்டரை மாற்றினாள், பம்பைப் பிரித்துக் கழுவினாள். போனில் கேட்டதற்கு சியூ, "புது வடிகட்டி பழகக் கொஞ்ச நாளாகும்கா, தண்ணியை மாத்திட்டே இருங்க" என்றான். மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில் பெரிய மீன் பக்கவாட்டில் மிதந்தது.

அதோடு இன்னொரு தொல்லையும் ஆரம்பித்தது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் அகுன் நாற்காலியிலிருந்து சரிந்து, ஒரு பக்க உடம்பால் தரையில் தேய்ந்து தேய்ந்து அலமாரிக்குப் போயிருக்கிறான். இடது கை நகத்தால் உள்ளே பிராண்டியிருக்கிறான். துளை ஓரம் கசிந்து தரையெல்லாம் தண்ணீர், நடுவில் அவன், நகக்கண்ணில் ரத்தம். கீழ்வீட்டுக்காரி வந்து கூரையிலிருந்து சொட்டுகிறது என்று சண்டை போட்டாள். கூரை ஒழுகுகிறது என்று சுய்லியேன் வீட்டைப் பார்த்து ஒருத்தி சொல்வதா! மானம் போயிற்று. பிராண்டின இடத்தில் மறுபடி சிலிக்கான் வைத்தாள், போன தடவையைவிடத் தாராளமாக.

இரண்டு நாள் பொறுத்து அவன் மறுபடி போனான். அவள் மறுபடி அடைத்தாள். மூன்றாம் முறை அவளுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. "மீனும் சாவுது, நீயும் என்னைச் சாகடி! கையை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டே?" என்று அவன் கையில் பட்டென்று அடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை அடித்ததில்லை. அலமாரிக் கதவை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அவன் கதவையே பார்த்துக்கொண்டு, "மழை, மழை" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து வாயைத் திறந்து சாப்பிடவும் மறுத்தான்.

அந்த வாரம் வந்த மெய்யூன் கயிற்றையும் பார்த்தாள், அவன் விரல்களையும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுய்லியேனை உடைத்தது. மெய்யூன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புருஷனுக்கு மேலாக நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள்:

"கூட்டிட்டுப் போ. என்னால முடியல. நானும் பேசிப் பேசிப் பார்த்தாச்சு, சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. நீ சொன்னதுதான் சரி. இவரு இங்க இல்ல."

"அழாதீங்க அண்ணி."

"மீனை சியூவுக்குக் குடுத்துடறேன். மாசம் முடிஞ்ச மறுநாளே வண்டியை வரச் சொல்லு."

மெய்யூன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருவரும் சேர்ந்து அவனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார்கள். எந்தச் சட்டை வேண்டும் என்று அவனைக் கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

மாதம் முடிகிற அன்று மத்தியானம் சியூ மீனை வாங்கிப்போக வந்தான். அகுன் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தான். சியூ அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்து, அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தான்.

"அக்கா, இது என்ன சிலிக்கான்?"

"என்னதுன்னா? நான் எப்பவும் வைக்கிறதுதான்."

"டியூபைக் காட்டுங்க."

காட்டினாள். டியூபின் மேல் குளியல்தொட்டிப் படம் போட்டிருந்தது. சியூ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஐயோ அக்கா! இது பூசணம் பிடிக்காதது."

"பின்ன? இந்த ஊர்ல வேற எதை வைப்பாங்க?"

"பூசணம் ஏன் பிடிக்காது? அதைக் கொல்ற மருந்தை உள்ள கலந்து வெச்சிருக்கான். குளியலறைச் சுவர்ல இருந்தாப் பரவாயில்ல. நாள் பூரா தண்ணிக்குள்ள ஊறினா மருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும். நீங்க எத்தனை தண்ணி மாத்துனாலும் மறுபடி இறங்கும். மீன் எப்படித் தாங்கும்? நானாச்சும் சொல்லியிருக்கணும். குழாய்க்காரங்ககிட்ட சிலிக்கானைப் பத்தி என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

சுய்லியேன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒழுகினால்கூட இந்த மீன்கள் பிழைத்திருக்கும். ஒரு சொட்டு ஒழுகாமல் அடைத்துக் கொன்றிருக்கிறாள், அதுவும் ஒருமுறைக்கு மூன்று முறை.

சியூவின் தலை இன்னும் அலமாரிக்குள்ளேயே இருந்தது. "நீங்களும் கண்டுபிடிச்சிட்டீங்க போல? பிச்சு எடுக்கப் பார்த்திருக்கீங்களே."

"நான் எதையும் எடுக்கலையே."

"இங்க பாருங்க, நகத்தால பிராண்டி வெச்சிருக்கு."

"அது இவரு. கையில கிடைச்சதைப் பிடிச்சு இழுக்குறாரு."

"கையில கிடைச்சதையா?" சியூ டார்ச்சை அவள் கையில் கொடுத்தான். "நீங்களே பாருங்க."

அவளும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பம்பின் வயர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கியது, அதை யாரும் தொடவில்லை. இழுத்தால் வந்துவிடும் ஹோஸ், திருகினால் திறந்துவிடும் வால்வு, எதுவும் நகரவில்லை. சாம்பல் குழாய்களில் ஒரு கீறல் கிடையாது. வெள்ளை இருந்த இடத்தில் மட்டும், துளையைச் சுற்றி, தடுப்புக் கண்ணாடியின் விளிம்பில், அவன் கை எட்டிய மட்டும் வரிசையாக நகத்தடம். சில இடத்தில் வெள்ளையை முழுசாக உரித்தே எடுத்திருந்தான். அதன்மேல் அவள் மறுபடி பூசியிருந்தாள்.

சியூ உயிரோடிருந்த மீன்களைப் பைகளில் பிடித்து ஆக்சிஜன் அடைத்தான். "நம்ம கடைத் தண்ணியில விட்டுப் பார்க்கறேன். பிழைச்சா பிழைக்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

சுய்லியேன் கட்டில் ஓரம் போய் நின்றாள். தன் வாழ்நாளில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரைத் திட்டியவள் குனிந்து அவன் முகத்துக்கு நேரே வந்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"நான் அந்த டியூபை எடுத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

அகுன் அவளைப் பார்த்தான். கண் அசையவில்லை, ஆனால் அது வெறுமனே திறந்திருக்கிற கண் இல்லை.

"கிண்ணத்தை வீசினது அதுக்கா?"

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

ஏழாம் மாதம் பூராவும் இந்தக் கட்டிலுக்கும் அந்த நாற்காலிக்கும் முன்னால் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் ஏறி வந்தது. அண்ணன் இருக்கார், ஆனா இல்ல. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி. வண்டியை வரச் சொல்லு. கையில் அவள் அடித்த அடி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல், அவன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மெய்யூன்கிட்ட நான் சொன்னதும் கேட்டுச்சா? கூட்டிட்டுப் போன்னு சொன்னது?"

அகுன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு அவளைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் தோளைத் தொட்டாள், இடது கையால் தட்டிவிட்டான். மறுபடி தொட்டாள். இந்த முறை இன்னும் பலமாகத் தட்டிவிட்டான். "கிழவா" என்றாள். "அடிக்கிறதுன்னா அடி. இந்தப் பக்கம் திரும்பிட்டு அடி." அவன் திரும்பவில்லை. அவனது காதுமடல் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு துடித்தது.

போன் அடித்தது. மெய்யூன்தான். நாளைக்குக் காலையில் வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.

"வண்டி வேணாம்" என்றாள் சுய்லியேன்.

"அண்ணி, மறுபடி ஆரம்பிக்காதீங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"வேணாம்னு சொல்றேன்ல? உன் அண்ணனுக்கு எல்லாம் புரியுது. நாம பேசினது ஒண்ணு விடாமப் புரிஞ்சிருக்கு."

மெய்யூன் இரக்கப்படுகிற குரலில், "எப்படி அண்ணி சொல்றீங்க? மறுபடியும் மீனைப் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

சுய்லியேன் கட்டிலைப் பார்த்தாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் இறங்கிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இல்லடி" என்றாள். "என்மேல கோவமா இருக்காரு."